விரிசல் முன்னமே இருந்தது

யோசுவா என்று பேர் வைத்த அப்பாவுக்கு
நான் வெடிக்காரன் ஆவேன் என்று தெரியாது.
மூன்று முறை சங்கு ஊதும்.
மூன்றாவதுக்கு அப்புறம்
செட்டிச்சாவடி ரோட்டில் ஆடுகூட நகராது.
சாவியைத் திருகுவேன்.
கறுப்புப் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிற வெள்ளைக்கல்
ஒருதரம் எழும்பி உட்காரும்.
அப்புறம் தூசி.
சேர்வராயன் மலை கொஞ்ச நேரம் காணாமல் போகும்.

எரிகோவை நான் பார்த்ததில்லை.
நைட் ஷிப்டில் போனில் படித்ததுதான்.
கடலுக்கு மேலே சேலம் எத்தனை மீட்டரோ
ஏறக்குறைய அத்தனை மீட்டர் கீழே கிடக்கிறது அந்த ஊர்.
பள்ளத்தில் ஓர் ஊற்று, ஊற்றைச் சுற்றிப் பேரீச்சை.
கிழக்கே யோர்தான்.
மேற்கே எருசலேமுக்கு ஏறுகிற மொட்டை மலை:
ஏற்காட்டு வளைவுகளில் இருந்து
காப்பிச்செடியையும் குளிரையும் உரித்துவிட்டால்
மிஞ்சுமே, அது மாதிரி.

தண்ணீர் இருந்ததால் ஆள் வந்தான்.
ஆள் வந்ததால் மதில் வந்தது.
பானை செய்யத் தெரியாத காலத்திலேயே
கல்லில் ஒரு கோபுரம், உள்ளே இருபத்திரண்டு படி.
எதைப் பார்க்க ஏறினார்கள் என்று இன்னும் தெரியவில்லை.
செத்தவர் மண்டைக்குச் சாந்து பூசி முகம் வரைந்து
கண்ணுக்குச் சிப்பி பதித்து
வீட்டுத் தரைக்கடியில் வைத்துக்கொண்டார்கள்.
நிலநடுக்கம். கட்டினார்கள்.
தீ. கட்டினார்கள்.
ஊர்மேல் ஊர் ஏறி எழுபதடி மேடு.

அதைத்தான் என் பேர்க்காரன் ஏழு நாள் சுற்றினான்,
எக்காளம் ஊதினான், மதில் விழுந்தது.
வேதத்தில் அப்படி.
மேட்டைத் தோண்டினவர்களில் பலர் சொல்வது வேறு:
அவன் வந்த காலத்தில்
விழுவதற்கு அங்கே மதிலே இல்லை.
எப்போதோ விழுந்துவிட்டது.

படித்த அன்று ஏனோ நிம்மதியாகத் தூங்கினேன்.

போன செவ்வாய் மேனேஜர் கூப்பிட்டார்.
பாவாயி என்ற அம்மா
கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறது.
வீடு வெடித்துவிட்டதாம்.
“போய்ப் பார்த்துட்டு வா. விரிசல் முன்னமே இருந்ததுன்னு எழுதிடு.”

குவாரி வேலியை ஒட்டிக் கடைசி வீடு.
ஜன்னல் கம்பியில் சாயம் தோய்த்த நூல் காய்ந்துகொண்டிருந்தது.
சிவப்பு.
எரிகோவில் தப்பின ஒரே வீட்டின் ஜன்னலிலும்
அந்த நிறம்தான் தொங்கியது.
வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

தறி நின்றது. டீ வந்தது.
“பேரு என்னங்க?”
சொன்னேன்.
அந்தம்மாவுக்கு அது ஒரு பேர், அவ்வளவுதான்.

முருகன் படத்துக்குப் பின்னால் கிளம்பி
சுவிட்ச் போர்டைச் சுற்றிக்கொண்டு
தரைவரை இறங்கியிருந்தது விரிசல்.
விரலை விட்டுப் பார்த்தேன்.
பழசு என்றால் ஒட்டடை இருக்கும், அழுக்கு ஏறியிருக்கும்.
உள்ளே செங்கல் இப்போதுதான் அறுத்த பப்பாளி மாதிரி.
இது எனக்குத் தெரியும்.
மேனேஜர் என்னைவிட இருபது வருஷம் சீனியர்.

குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு வைத்து
இரண்டு பக்கமும் சிமெண்டு அப்பினேன்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
பக்கத்தில் பென்சிலால் தேதி.
“உடைஞ்சா?”
“உடனே சொல்லுங்க.”
“யார்கிட்ட?”

தேதிக்குக் கீழே என் நம்பரை எழுதினேன்.

அறிக்கையில் ‘விரிசலின் வயது’ என்று ஒரு கட்டம்.
அது காலியாக இருக்கிறது.
நாளைக் காலை பதினொன்றரைக்கு வெடி.
மூன்றாவது சங்குக்கும் சாவிக்கும் நடுவே
முப்பது நொடி யாரும் பேசக் கூடாது.
அவன் படைக்கும் ஆறு நாள் அதே உத்தரவுதான்.
இப்போது மணி ஒன்றே முக்கால்.
பேனாவை மூடிவிட்டேன், திறந்துவிட்டேன்.
போன் மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது.